கோச்சி ஓடிய பாதையைத் தேடிப் போவது எப்படி: நானுஓயாவிலிருந்து இராகலை வரை

நுவரெலியாவுக்கு ரயிலில் போக விரும்புகிறவர் இன்று நானுஓயாவில் இறங்கி, மிச்சத் தூரத்தை பஸ்ஸிலோ வேனிலோ கடக்க வேண்டியிருக்கிறது. 1903ஆம் ஆண்டில் போடப்பட்ட பாதை அப்படி இடையில் நின்றுவிடவில்லை. நானுஓயாவில் பெரிய ரயிலிலிருந்து இறங்கியவர்கள் அங்கேயே, மலையகத்தில் கோச்சி என்று சொல்லப்பட்ட சின்ன ரயிலில் ஏறி, பிளக்பூல் வழியாக நுவரெலியாவுக்குச் சென்றார்கள். அடுத்த ஆண்டில் அந்தப் பாதை கந்தப்பளை, புரூக்சைட் என்று நீண்டு இராகலையில் போய் முடிந்தது. உடப்புசல்லாவ ரயில் பாதை என்று அழைக்கப்பட்ட இதன் மொத்த நீளம் ஏறக்குறைய 19 மைல். 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் சரக்கு வண்டியும் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, நிலையங்கள் பெயர் இழந்தன, தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் பாதையின் மேல் வளர்ந்தன.

இந்தப் பாதையைத் தேடிப் போக விரும்பும் இளையவர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஓய்வு நாட்களில் இதையே செய்து வருகிறவன் என்ற வகையில், எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை அவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே சொல்லும் முறை களனிவெளிப் பாதையின் கைவிடப்பட்ட பகுதிகளுக்கும், அதாவது அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கும் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கவுக்கும் சென்ற கிளைகளுக்கும், பெருமளவு பொருந்தும். ஆனால் நான் நடந்து பழகியது நானுஓயாவுக்கும் இராகலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும்.

பெரும்பாலானவர்கள் முதலில் நிலத்துக்குப் போகிறார்கள். கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து, மலையைச் சுற்றிப் போகும் ஒரு கோட்டைக் கண்டவுடன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. நிலம் காத்திருக்கும், மண்ணில் வெட்டிய கோடு இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அங்கேயே கிடக்கும். சரக்கு வண்டி நின்ற 1948இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார். பயணிகள் வண்டியில் ஏறிய நினைவு உள்ளவரைத் தேடுவது இனி அநேகமாக முடியாது. ஆகவே முதலில் மனிதர்கள், பிறகு தாள்கள், கடைசியாக நிலம் என்பதே சரியான வரிசை.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய்க் கேட்கும்போது கேள்வியில் வரும் சொல்லைக் கவனமாகத் தெரிந்தெடுக்க வேண்டும். தோட்டத்தில் லைன் என்றால் குடியிருக்கும் லயம். 'பழைய லைன் எங்கே இருந்தது?' என்று கேட்டால், இடித்துக் கட்டப்பட்ட லயத்தையோ மண்சரிவில் போன லயத்தையோ அன்போடு காட்டுவார்கள், நீங்களும் அதை ரயில் பாதை என்று நம்பிக் குறித்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். புகையிரதம் என்ற அலுவலகச் சொல்லும் வயதானவர்களிடம் உடனே போய்ச் சேராது. 'தாத்தா, இந்தப் பக்கம் கோச்சி ஓடிச்சாமே, எந்தப் பக்கமா போச்சு?' என்று கேளுங்கள். கோச்சி என்ற ஒரு சொல்லுக்கு முகம் மாறுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எப்போது நின்றது என்று ஆண்டைக் கேட்பதால் பயன் குறைவு. என்ன வந்து இறங்கியது, யார் சுமந்தார்கள், எந்த நேரத்தில் சத்தம் கேட்டது, வண்டி எவ்வளவு உயரம் இருந்தது, மழை நாளில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். மேலே அரிசி மூட்டையும் உரமும் வந்ததும், கீழே தேயிலைப் பெட்டிகள் போனதும் அந்தப் பேச்சில் தானாக வரும். தோட்டத் தொழிலாளிக்கு அரிசி தோட்டத்தாலேயே கொடுக்கப்பட்டு அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்ட காலம் அது. கோச்சி தாமதமானால் அரிசி தாமதமானது, ஆகவே அந்த வண்டியின் வருகையை லயங்கள் வயிற்றால் அறிந்திருந்தன. துரைமாரும் ரயில் அதிகாரிகளும் எழுதி வைத்த அறிக்கைகளில் எத்தனை தொன் தேயிலை போனது என்பது இருக்கும். அந்தப் பெட்டிகளைத் தலையிலும் தோளிலும் நிலையம் வரை கொண்டுபோனவர்கள் யார் என்பது லயத்தில் மட்டும்தான் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, இந்தத் தேடலை வேறு யாரையும் விட நம்மவர்கள், அதாவது மலையகத் தமிழர்கள், செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆண்டு தெரிய வேண்டுமானால், பேசுகிறவர் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சியின் பக்கத்தில் நினைவை நிறுத்திப் பாருங்கள். அது 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்படுவதற்கு முன்னரா பின்னரா என்று அவருடைய தாய் தகப்பன் சொல்லியிருக்கக்கூடும். நம்மவர்கள் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய 1947ஆம் ஆண்டுத் தேர்தல் இன்னொரு நிலையான புள்ளி. அதற்கு அடுத்த ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மூன்றாவது. கோச்சி நின்ற ஆண்டும் நம்முடைய பிரஜாவுரிமை போன ஆண்டும் ஒன்று என்பதால், சில முதியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதைக் குழப்பம் என்று திருத்தாமல், சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டை நீங்கள் தாள்களிலிருந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கந்தப்பளைக்கு அண்மையில் ஒரு லயத்தில் நான் சந்தித்த பாட்டியைப் பற்றிச் சொன்னால், கேட்கும் முறை எதற்காக இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். அவர் பள்ளிக்கூடம் போகாதவர், பாதையின் பெயரோ ஆண்டோ அவருக்குத் தெரியாது. கோச்சி எவ்வளவு உயரம் என்று கேட்டபோது எழுந்து வந்து, லயத்துக் கூரையின் தகரம் முடியும் விளிம்பைக் கையால் தொட்டுக் காட்டினார். பிறகு, அம்மா கோச்சிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் உலை வைப்பார் என்றும், சத்தம் முதலில் கோயிலுக்கு மேலே இருந்து கேட்கும், உலை கொதிக்கும் நேரத்தில் அதே கோச்சி கீழே ஆற்றுப் பக்கமிருந்து மறுபடி கூவும் என்றும் சொன்னார். ஒரே வண்டி இரண்டு தடவை, இரண்டு உயரங்களிலிருந்து கூவியதென்றால், பாதை அந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதி வரை போய், சுற்றித் திரும்பி, எதிர்ச் சரிவில் இறங்கி வந்திருக்க வேண்டும். செய்மதிப் படத்தில் டர்பன்டைன் மரங்கள் மூடியிருந்த அந்த வளைவை அவர் சொன்ன சத்தத்தைக் கொண்டே பிறகு போய்க் கண்டுபிடித்தேன். அன்று நான் குரலைப் பதிவு செய்யவில்லை. அடுத்த முறை வரும்போது செய்யலாம் என்று விட்டுவிட்டேன். அந்த மழைக்காலத்துக்குள் பாட்டி காலமாகிவிட்டார். ஆகவே முதல் சந்திப்பிலேயே, அனுமதி கேட்டு, குரலைப் பதிந்துகொள்ளுங்கள். கைத்தொலைபேசியை மடியில் வைத்தால் போதும். முகத்துக்கு முன்னால் நீட்டினால் பேச்சு சுருங்கிவிடும். பதிவின் தொடக்கத்தில் திகதியையும் தோட்டத்தையும் டிவிஷனையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போய் நிற்பது மரியாதை அல்ல. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நல்லது. கையில் கொஞ்சம் வெற்றிலை பாக்கோ பிஸ்கட்டோ கொண்டுபோகலாம், பணம் கொடுக்கக் கூடாது. பணம் வந்துவிட்டால் அடுத்த வீட்டார், நீங்கள் கேட்க விரும்பும் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

தாள்களுக்கு வருவோம். நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுள்ள பழைய வரைபடங்களில், பாதை இயங்கிய காலத்துப் பதிப்பு ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பதிப்பில் ரயில் பாதையும் நிலையங்களும் குறிக்கப்பட்டிருக்கும். அதை இன்றைய 1:50,000 வரைபடத்தோடு பொருத்திப் பார்க்க, இரண்டிலும் மாறாமல் இருக்கும் புள்ளிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். தெருச் சந்திகளை நம்ப வேண்டாம், அவை நகர்ந்துவிடும். ஓடைகள் சேரும் இடங்கள், மலை உச்சிகள், பழைய தேயிலைத் தொழிற்சாலைகள், கிரகரி வாவியின் அணைக்கட்டு ஆகியவை நல்ல புள்ளிகள். நான்கு புள்ளிகளாவது இருந்தால் கூகுள் எர்த்தில் பழைய படத்தை மேலே விரித்து ஓரளவு சரியாகப் பொருத்திவிடலாம். இப்படிப் பொருத்திய கோடு நிலத்தில் 50 மீற்றர் வரை விலகியிருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில், ரயில் பகுதியின் தலைவர் அரசாங்கத்துக்கு ஆண்டுதோறும் சமர்ப்பித்த நிருவாக அறிக்கைகள் இருக்கின்றன. வருமானம், செலவு, மண்சரிவால் பாதை தடைப்பட்ட நாட்கள், புதிய பாலம், பழுது பார்த்த கட்டடம் போன்ற விபரங்களை அவற்றில் தேடலாம். ஓர் ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு எழும்பிவிடாதீர்கள். 1920களின் தொடக்கத்திலிருந்து 1940 வரையான அறிக்கைகளை வரிசையாகப் புரட்டினால், மோட்டார் லொறியும் பஸ்ஸும் தெருவில் வந்த பிறகு இந்தப் பாதை எப்படி மெலிந்தது என்பதைப் படிப்படியாகக் காணலாம். தேடும்போது பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஓர் இடத்தில் இருப்பது போல இன்னோர் இடத்தில் இருக்காது. உடப்புசல்லாவ என்பதே ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் வரும். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம்மவர் வழங்கும் பெயர் இன்னொன்றும் இருப்பதால், இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிய ஓர் அட்டவணையை முதலிலேயே தயாரித்துக்கொண்டு போவது நல்லது.

நிலத்தில் இறங்குவதற்கு முன்னர் இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். இயங்குகிற ஒரு மலையக நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நானுஓயாவே இதற்குப் பொருத்தமானது. 1885இல் பெரிய பாதை அங்கு வந்து சேர்ந்தது. மலைநாட்டுப் பாதையில் கைகாட்டி மரங்களும், ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காக்கும் டெப்லட் முறையும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஒரு பகுதிக்குரிய டெப்லட்டைக் கையில் வைத்திருக்கும் சாரதி மட்டுமே அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். இதைக் கண்ணால் பார்த்துவிட்டால், மூடப்பட்ட ஒரு நிலையத்தின் தரையில் நிற்கும்போது மேடை எங்கே, கைகாட்டியை இழுக்கும் கம்பி எந்தப் பக்கமாகப் போயிருக்கும், வண்டிகள் ஒதுங்கும் இரண்டாவது தண்டவாளத்துக்கு எவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்கும் என்பது தானாக விளங்கும். கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் நூதனசாலையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி நிலம். இன்று கொழும்பிலிருந்து பதுளைக்கு ஓடும் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீற்றர். குறும்பாதையான உடப்புசல்லாவப் பாதையில் அது 762 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அடி. அந்தக் குறுகிய அளவு தெரிந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் மலைதான்: தண்டவாளம் நெருங்கினால் வளைவைக் கூர்மையாக்கலாம், வளைவு கூர்மையானால் மலையைக் குடைய வேண்டிய இடங்களும் உயர்ந்த பாலங்களும் குறையும், செலவும் குறையும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது பெரிய சுரங்கங்களையோ ஒன்பது வளைவுப் பாலம் போன்ற அழகையோ அல்ல. மலையின் மடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து வெளியே வரும் சரிவில் வெட்டிய ஒடுக்கமான, பொறுமையான ஒரு தட்டை நீங்கள் தேடுகிறீர்கள்.

தேயிலை மலைகளில் அப்படிப் போகும் கோடுகள் நிறைய உண்டு என்பதுதான் சிக்கல். தோட்டத்து வண்டிப் பாதையும் சரிவைத் தழுவித்தான் போகிறது, மழைநீர் வடியும் கான்களும் அப்படித்தான். இவற்றிலிருந்து ரயில் பாதையைப் பிரித்தறிய எனக்கு உதவிய அடையாளம் வளைவும் வெட்டும். வண்டிப் பாதை ஏறவேண்டிய இடத்தில் கொண்டை ஊசி போல மடங்கித் திரும்பும், ரயில் ஒருநாளும் அப்படித் திரும்ப முடியாது. வண்டிப் பாதை ஒரு சிறு மேட்டைச் சந்தித்தால் மேட்டின் மேல் ஏறி இறங்கிவிடும். ரயில் பாதையோ அந்த மேட்டை நடுவே பிளந்துகொண்டு போகும், ஆகவே இரண்டு பக்கமும் மண்சுவர் நிற்கும். சிறு பள்ளத்தைச் சந்தித்தால் வண்டிப் பாதை இறங்கி ஏறும், ரயில் பாதை மண் நிரப்பிய அணையின் மேலே மட்டம் மாறாமல் செல்லும், அந்த அணையின் அடியில் கருங்கல்லால் கட்டிய மதகு இருக்கும். வெட்டும் நிரவலும் மாறி மாறி ஒரே கோட்டில் வந்தால், நீங்கள் நிற்பது கோச்சி ஓடிய இடம்தான் என்று கிட்டத்தட்ட நிச்சயம் கொள்ளலாம்.

ஐயம் தீராவிட்டால் அளந்து பாருங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் ஒன்றும், 20 மீற்றர் கயிறும், ஒரு நாடாவும், கூட ஓர் ஆளும் போதும். கயிற்றின் இரு நுனியிலும் குழாயைப் பிடித்து உயர வித்தியாசத்தை எடுக்க வேண்டும். அகலப் பாதை மலையில் ஏறும் மிகக் கடுமையான சாய்வு 44க்கு 1 என்பதால், 20 மீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் அளவு உயரும். குறும்பாதை அதைவிடச் செங்குத்தாக ஏறக்கூடியது. ஆனாலும் 20 மீற்றருக்கு ஒரு மீற்றரைத் தாண்டி உயர்ந்துகொண்டே போகும் பாதையை ரயில் பாதை என்று நான் எழுதிக்கொள்வதில்லை. வளைவை அளக்க, அதே கயிற்றை வளைவின் உள் விளிம்பில் இரு புள்ளிகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, கயிற்றின் நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை எடுங்கள். கயிற்றின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, வருவதை இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவின் ஆரை கிடைக்கும். 20 மீற்றர் கயிற்றில் இடைவெளி அரை மீற்றர் என்றால் ஆரை 100 மீற்றர். அது அகலப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளுக்கு ஒப்பானது. இடைவெளி ஒரு மீற்றர் என்றால் ஆரை 50 மீற்றர். அகலப் பாதை அவ்வளவு வளையாது, குறும்பாதை வளையும். ஒரே தொடரில் மூன்று நான்கு வளைவுகளையாவது அளந்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

நிலையம் இருந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பாதையைக் கண்டுபிடிப்பதை விட எளிது என்று தோன்றும், உண்மையில் அதுவே கடினம். மலைநாட்டில் நீளமான சமதரை அரிது. ஆகவே ரயில் போனதும் அந்தச் சமதரையை வேறு யாராவது உடனே எடுத்துக்கொள்கிறார்கள். கட்டடத்தைத் தேடாமல் தரையின் வடிவத்தைத் தேடுங்கள்: ஒடுக்கமாகவும் நீளமாகவும், ஒரு பக்கம் மலையை வெட்டியும் மறுபக்கம் மண் நிரப்பியும் ஆக்கிய தரை, இரு நுனியிலும் ஒடுங்கி ஒற்றைப் பாதையாகும். கரையோரம் வெட்டிச் செதுக்கிய கற்களின் ஒரு வரிசை புல்லுக்குள் தெரிந்தால் அது மேடையின் விளிம்பாக இருக்கலாம். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால், மேலே ஓர் ஊற்றோ தொட்டியோ, அங்கிருந்து இறங்கும் இரும்புக் குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். தரையைச் சற்றுக் கிளறினால் கறுப்பாக, கண்ணாடி போல உருகிய கிட்டக் கட்டிகள் கிடைக்கலாம். அது எஞ்சின் அடுப்பிலிருந்து கொட்டிய சாம்பலின் மிச்சமாக இருக்கக்கூடும், ஆனால் அருகில் தொழிற்சாலையோ கொல்லன் பட்டறையோ இருந்திருந்தால் அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

ஆதாரமாகக் கொள்ளக்கூடிய ஒன்று, நாம் தினமும் கடந்து போகும் பழைய தண்டவாளத் துண்டுகள். மலைநாட்டில் ஒன்றும் வீணாகாது. பெயர்த்த தண்டவாளம் வேலித் தூணாக, மதகின் உத்தரமாக, கோயில் மணி தொங்கும் கம்பமாக, மாட்டுக் கொட்டிலின் மூலைக்காலாக நிற்கும். தண்டவாளத்தின் இடைப்பகுதியில், அதாவது தலைக்கும் அடிக்கும் நடுவே உள்ள மெல்லிய பக்கத்தில், உருக்காலையின் பெயரும் உருட்டிய ஆண்டும் புடைத்த எழுத்தில் இருப்பது வழக்கம். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், எழுத்தும் துருவோடு உதிர்ந்துவிடும். அந்தி நேரத்தில் டோர்ச் ஒன்றை இரும்போடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துகளின் நிழல் எழும்பி வரும். அதுவும் போதாவிட்டால் பட்டம் கட்டும் மெல்லிய தாளை மேலே விரித்து, ஈரமில்லாத கரித்துண்டால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரு மாட்டுக் கொட்டிலில் இப்படித் தேய்த்தபோது முதலில் ஓர் 'ஒன்று', பிறகு 'ஒன்பது' என்று ஆண்டின் இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறிய கணத்தில், அந்த வீட்டுப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடி வந்து சுற்றி நின்றார்கள். துண்டின் உயரத்தையும் அடியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்; குறும்பாதைத் தண்டவாளம் இன்றைய பாதையில் உள்ளதை விடத் தெளிவாகச் சிறியது. தண்டவாளத் துண்டு ஓர் இடத்தில் நிற்பதால் மட்டும் பாதை அந்த வழியாகப் போனது என்று ஆகிவிடாது. அது எங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும்.

நடக்கும் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது மழை குறைவு, புல் காய்ந்து தரையின் வடிவம் தெரியும், காலைப் பனி விலகியதும் சாய்ந்த வெயில் வெட்டுகளில் நிழலை நீட்டிக் காட்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையான ஏற்றத்தை ஒரு நாளிலும், நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வரை இரண்டாவது நாளிலும், கந்தப்பளையிலிருந்து புரூக்சைட் வழியாக இராகலைக்கு இறங்கும் பகுதியை மூன்றாவது நாளிலும் வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. நுவரெலியா நகரத்துக்குள் தேடி நேரத்தைச் செலவழிப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. கந்தப்பளைக்கு அப்பால் தேயிலைக்குள் போகும் பகுதிதான் அதிகம் தரும்.

தோட்டக் காணிக்குள் போவதற்கு முன்னர் தோட்டக் காரியாலயத்தில் சொல்லி அனுமதி பெற வேண்டும். ஓர் இடத்தில் நான் முறையாகக் கடிதம் கொடுத்தும் மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்டேன். அப்படி நடந்தாலும் வேலிக்குள் புகுந்து போகாதீர்கள், ஏனென்றால் உங்களுக்கு வழி காட்டிய தொழிலாளிதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். மரக்கறித் தோட்டங்களில் லீக்ஸ், கரட் பாத்திகளின் வரம்பில் மட்டும் நடக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து குளவி. கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி இறந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல; கைவிடப்பட்ட வெட்டுகளும் மூடிய மதகுகளும் குளவிக்குப் பிடித்த இடங்கள். அன்று அந்த மலையில் வேலை செய்தவர்களிடம் கூடு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் உள்ளே போகக் கூடாது. வாசனைத் திரவியம் பூச வேண்டாம், கூட்டைக் கண்டால் கல்லெறியவோ ஓசை எழுப்பவோ வேண்டாம், தனியாகப் போகவே வேண்டாம். நானுஓயாவில் இயங்கும் தண்டவாளத்தின் மீது நடப்பது சட்டப்படி குற்றம், வளைவில் வரும் வண்டியின் சத்தம் மழைக்காற்றில் கேட்காது.

கண்டெடுத்த எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நம் நாட்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே தானாகப் பழஞ்சின்னமாக ஏற்கிறது. அதற்குப் பிற்பட்டவை தனியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டால்தான் பாதுகாப்புப் பெறும். 1904இல் எழுந்த ஒரு மேடைக்கும் மதகுக்கும் சட்டம் தானாகக் காவல் நிற்பதில்லை என்பதால், அவை இருக்கும் இடத்தில் இருப்பது அக்கம்பக்கத்தாரின் அக்கறையில்தான் தங்கியிருக்கிறது. நீங்கள் ஓர் ஆணியைக் கழற்றிக்கொண்டு வந்தால், இதற்கு விலை இருக்கிறது போலும் என்று மிச்சத்தை இரும்புக்காரரிடம் விற்றுவிடுவார்கள். படம் எடுங்கள், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், திசையையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்து முடிந்த பாதையைக் கைத்தொலைபேசியில் பதிந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில், கைவிடப்பட்ட ரயில் பாதை என்ற வகையின் கீழ் சேர்த்துவிடலாம். கண்ணால் கண்டு அளந்த பகுதியை முழுக்கோடாகவும், வரைபடத்தை மட்டும் வைத்து ஊகித்த பகுதியைப் புள்ளிக்கோடாகவும் உங்கள் சொந்தப் படியில் வேறுபடுத்தி வையுங்கள். பெயர்களை எழுதும்போது ஆவணத்தில் உள்ள பெயரோடு லயத்தில் வழங்கும் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு வெட்டுக்கோ மதகுக்கோ அங்குள்ளவர்கள் வைத்த பெயர் இருந்தால் அதையே முதலில் எழுதுங்கள். குரல் பதிவுகளில் ஒரு படியைப் பேசியவரின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அவர்கள் சம்மதித்தால் இன்னொரு படியைத் தோட்டப் பாடசாலையின் நூலகத்தில் வையுங்கள். படத்தைப் பெரிதாக அச்சிட்டு, தகவல் தந்த வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் கொடுத்து, தாத்தா பாட்டியிடம் விரலால் பாதையைப் பின்தொடரச் சொல்லுங்கள். அவர்களுடைய விரல் உங்கள் கோட்டை விட்டு விலகும் இடத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டு, அந்த இடத்துக்கு மறுபடி போய் அளந்து பாருங்கள்.